ஒத்துக்கிடுதா?

சாயங்காலம் மணி அடித்தால் நாங்கள் இருபத்திரண்டு பெண்களும் வரிசையில் நின்று துப்ப வேண்டும். போடியில் காசிராஜன் ஏலக்காய்க் கிட்டங்கியில், காய் தரம் பிரிக்கிற குடோனில், அதுதான் சட்டம். முதலில் மடியை உதறிக் காட்டணும். அப்புறம் கொண்டையை அவிழ்த்துக் காட்டணும். கடைசியில் வாய். ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்து, வாசல்படி ஓரத்தில் இருக்கிற வெள்ளை எனாமல் பேசினில் துப்பணும். கன்னக் கதுப்பில் காயை ஒதுக்கியிருந்தால் தண்ணீரோடு வந்து விழுந்துவிடும். மேற்பார்வை பார்க்கும் கருத்தம்மாள் பேசின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எங்கள் எச்சிலை ஒவ்வொன்றாக உற்றுப் பார்ப்பாள்.

என் முறை வந்தால் தண்ணீர் சிவப்பாக விழும்.

"ஏண்டி அன்னக்கொடி, இன்னைக்கும் வெத்தலையா? உள்ள உக்காந்து போடக் கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது? காயில எச்சி தெறிச்சுச்சு, மொதலாளி உன் தோலை உரிச்சுருவாரு."

"பழக்கம் விட மாட்டேங்குதுக்கா."

"மீசை வேற முளைச்சிருக்கு, வெத்தலை வேற. நாளைக்குச் சுருட்டு கொண்டா, சேந்து குடிப்போம்."

வரிசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன், உதட்டை மூடிக்கொண்டு.

நான் வெற்றிலையைத் தொட்டதே கிடையாது. பேசினில் விழுந்தது என் ஈறிலிருந்து வந்த ரத்தம். ஈறு வீங்கி, பல்லின் பாதி உயரத்துக்கு ஏறி, இரண்டு பக்கமும் கதுப்பைத் தள்ளிக்கொண்டு நின்றது. மேல் உதட்டில் மயிர், முழங்கையில் மயிர். எல்லாம் மாத்திரை கொடுத்த சீர். அந்த மாத்திரை எதற்கு என்று கிட்டங்கியில் ஒருத்திக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் ஐந்து வருசமாகப் பல்லைக் காட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எழுபத்தெட்டாம் வருசம்வரை நான் மலையில் காய் எடுத்தவள். போடிமெட்டுக்கு மேலே தோட்டம். ஏலத்தட்டைக்கு அடியில் தரையோடு படர்ந்து கிடக்கும் சரத்தில் முற்றின காயை மட்டும் பார்த்துக் கிள்ளணும். சரிவில் குந்தியபடியே நகர்ந்து போகணும். முட்டி தேயும், காலில் அட்டை ஏறும், ஆனாலும் அந்தச் சோலியில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. ஒரு நாள் முற்பகலில் கை இழுத்தது. அவ்வளவுதான் ஞாபகம். கண் திறந்தபோது பத்தடி கீழே ஒரு தட்டைத் தூரில் கிடந்தேன். நாக்கு கடிபட்டிருந்தது. சேலை நனைந்திருந்தது. கையில் யாரோ கவாத்துக் கத்தியைத் திணித்திருந்தார்கள், இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்று. சுற்றி நின்றவர்கள் யாரும் பக்கத்தில் வரவில்லை.

கங்காணி மட்டும் பேசினான். "நாளையிலிருந்து தோட்டத்து ஜீப்புல ஏறாதே. நீ உருண்டு செத்தா எவன் பதில் சொல்றது?"

அடுத்த தோட்டத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. அதற்கடுத்த தோட்டத்திலும் அப்படித்தான். என் புருசன் பெரியகருப்பன் மூன்றாம் மாதம் கம்பத்துப் பக்கம் சோலி இருக்கிறது என்று போனவன் திரும்பவில்லை. திருடியிருந்தால்கூட இரண்டு நாள் ஏசிவிட்டுச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். காக்கா வலிப்பு என்றால் ஊர் முழுக்கக் கதவைச் சாத்துகிறது. அதை நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மாதம் இரண்டாம் ஞாயிறு போடியில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டிடத்தில் வலிப்புக்காரர்களுக்கு முகாம் போட்டார்கள். மதுரையிலிருந்து டாக்டர் வருவார். முதல் தடவை அவர் பார்த்தார். அதற்குப் பிறகு எல்லாம் கம்பவுண்டர் ஜக்கையன்தான். மஞ்சள் அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதில் மாதத்துக்கு ஒரு வரி. ஒரு வரிக்கு இரண்டு கட்டம். வலிப்பு வந்ததா? மருந்து ஒத்துக்கொள்கிறதா?

எங்கள் ஊர் சிலமலைச் சாவடியில் முதியோர் பள்ளி நடந்த வருசம், முப்பது வயதில், நான் எழுத்துப் படித்தேன். மற்றவர்கள் அம்மா, ஆடு என்று ஆரம்பித்தார்கள். நான் எழுத்துக்கூட்டி முழுசாக வாசித்த முதல் நீளச் சொல் அந்த அட்டையில் இருந்த 'ஒத்துக்கொள்கிறதா'தான்.

ஜக்கையன் தலை நிமிர மாட்டான்.

"வலி வந்துச்சா?"

"இல்லை சார்."

"மாத்திரை ஒத்துக்கிடுதா?"

"ஒத்துக்கிடுது சார்."

"அடுத்தாளு."

முதல் வருசம் ஒரே ஒரு தடவை வீட்டில் வைத்து வந்தது. ஆம் என்றேன். இரண்டு மாத்திரையை நாலாக்கினார்கள். அதற்குப் பிறகு வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாலு மாத்திரை வேறு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. காலையில் எழுந்தால் தலைக்குள் ஈரச் சாக்கு. நடந்தால் தரை ஒரு பக்கம் சாயும். பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன், "பொம்பளைகளும் குடிக்க ஆரம்பிச்சுட்டாளுக" என்று துப்பினான். மதியத்துக்கு மேல் ஒரு காய் இரண்டாகத் தெரியும்.

இதில் ஒன்றையும் ஜக்கையனிடம் சொன்னதில்லை. வரிசையில் நின்ற எவரும் சொன்னதில்லை. ஆரம்பத்தில் ஒரு கிழவி, "ஒத்துக்கிடலை சாமி, கிறுகிறுன்னு வருது" என்றாள். ஜக்கையன் அவள் கையிலிருந்த பொட்டலத்தைத் திரும்ப வாங்கி மேசையில் போட்டுவிட்டு, ஓரமாக நில்லு என்றான். அதைத்தான் நாங்கள் பார்த்தோம். அடுத்த மாதம் அவள் வரவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்று வரிசை முழுக்கப் பேச்சு. அதற்குப் பிறகு எங்கள் எல்லாருக்கும் மாத்திரை ஒத்துக்கொண்டது.

எண்பத்து நாலாம் வருசம், சுப்பிரமணியர் கோயில் திருவிழா முடிந்த வாரம். மதியம் கருத்தம்மாள் என் சொளகுக்கு முன்னால் வந்து நின்றாள்.

கிட்டங்கிச் சோலி இப்படி: ஆளுக்கு ஒரு சொளகு காய் கொட்டுவார்கள். பெருத்த பச்சைக் காய் முதல் தரம். அதை ஒவ்வொருத்தியும் தனியாகச் சேர்த்து நிறுத்துக் கொடுக்கணும். சிறுத்தது, வெளுத்தது, வெடித்தது எல்லாம் இரண்டாந்தரம். அதை நிறுப்பதில்லை. எல்லாரும் நடுவில் இருக்கும் ஒரே சாக்கில் கொட்டிவிடுவோம்.

"ஒரே தோட்டத்துக் காய்," என்றாள் கருத்தம்மாள். "மத்தவளுகளுக்கு வர்ற முதல் தரம் உனக்கு மட்டும் ஏண்டி வர மாட்டேங்குது? எட்டு நாளாக் குறையுது. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"எனக்குக் கொட்டுனது பொடிக்காயா இருக்கும்க்கா."

"பொடிக்காயி! உன் கதுப்பைப் பாரு, மொச்சைக் கொட்டை ஊறப் போட்ட மாதிரி. வாயத் திற."

"சாயங்காலம் துப்புறேன்ல."

"துப்புன பெறகும் அப்பிடியேதானே இருக்கு? தினம் நாலு காயை இடுக்குல சொருகிட்டுப் போற. திறடி!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஹ்மத்துன்னிசா, "திறந்து காட்டிரு புள்ள, முடிஞ்சுச்சு" என்றாள். ஐந்து வருசமாக என் பக்கத்துச் சொளகுக்காரி. அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். அதனாலேயே அவள்மேல் ஆத்திரமாக வந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. கருத்தம்மாள் என் தாடையைப் பிடித்து அமுக்கி, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுத் துழாவினாள். நகம் ஈறில் இறங்கியது. அந்த வலி எப்படி என்று எழுதத் தெரியவில்லை. கடித்துவிட்டேன்.

"ஐயோ! கடிச்சுட்டா! நாயி, நாயி, விடுடி!"

விட்டேன். அவள் விரலில் ரத்தம், என் வாயில் ரத்தம். எது யாருடையது என்று தெரியாது. சத்தம் கேட்டுக் காசிராஜன் வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிந்திக் கிடந்த காயை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து வந்தார். எங்களைப் பார்க்கவில்லை, காயைத்தான் பார்த்தார்.

"மொதலாளி, வாயில இருக்கு. திறக்க மாட்டேங்கிறா. திறக்கப் போனா கடிக்கிறா."

"முழுங்கியிருப்பா," என்றார் காசிராஜன். அலுப்பாகச் சொன்னார். "இங்க பாரு அன்னக்கொடி. எனக்குச் சோலி கெடக்கு. எடுத்தேன்னு ஒத்துக்கிடு. எழுதிக் குடுத்துட்டு நாளைக்கும் வா. இங்க பாதிப் பேரு அப்பிடித்தான் இருக்காளுக. ஒத்துக்கிடலைன்னா ஸ்டேஷனுக்குப் போவோம். அங்க டாக்டரைக் கூட்டி வந்து வாயத் திறந்து பாப்பாங்க."

வாயைத் திறந்து பார்ப்பார்கள். டாக்டர் பார்ப்பார். இது எந்த மாத்திரை சாப்பிட்டு வந்த ஈறு என்று டாக்டருக்குத் தெரியாமல் போகாது. சாயங்காலத்துக்குள் போடி முழுக்கத் தெரிந்துவிடும். எண்ணிப் பார்க்க எனக்கு ஒரு மூச்சு நேரம்தான் ஆனது.

"எடுத்தேன் மொதலாளி."

"அப்பிடி வா. கைநாட்டா, எழுதுவியா?"

"எழுதுவேன்."

"அடேயப்பா," என்றாள் கருத்தம்மாள், விரலைச் சேலையில் சுற்றிக்கொண்டே. "கலெக்டரு!"

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் தரக் காயை வாயில் வைத்து எடுத்துச் சென்றேன் என்று ஒத்துக்கொள்கிறேன். ஊர் சிலமலை, பெயர் அன்னக்கொடி. அதுவரைக்கும் என் கையால் ஒரு முழு வாக்கியம் எழுதியிருக்கிறேனா என்று தெரியவில்லை. மற்ற சொற்களில் தடுமாறினேன். 'ஒத்துக்கொள்கிறேன்' மட்டும் சிரமமில்லாமல் வந்தது. மாதா மாதம் அட்டையில் பார்க்கிற சொல் அல்லவா.

காசிராஜன் வாங்கிப் படித்தார். "தப்பில்லாம எழுதியிருக்கியே," என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து என் சொளகு வாசல் பக்கம் போனது, கருத்தம்மாள் கண்ணுக்கு நேரே. எனக்குக் 'கதுப்பு' என்று பெயர் வைத்தார்கள். ஏ கதுப்பு, தண்ணி கொண்டா. ஏ கதுப்பு, நகரு. ரஹ்மத்துன்னிசா மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஆனால் எழுந்து போகும்போது தன் காயைத் துணி போட்டு மூடிவிட்டுப் போனாள். தாங்கிக்கொண்டேன். சோலி இருந்தது, அது போதும் என்றிருந்தேன். உண்மையைச் சொன்னால், திருடி என்று சொல்லும்போது எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அவர்கள் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நாலாம் நாள் இரண்டாந்தரச் சாக்கை லோடு ஏற்றும் முன் சல்லடைக்காரன் வீரணன் ஒரு தடவை சலித்தான். பாதி சலிக்கும்போதே கத்தினான்.

"மொதலாளி! இங்க வாங்க! ரெண்டாந்தரத்துக்குள்ள முத்து முத்தா முதல் தரம் கெடக்கு. ஒரு படிக்கு மேல இருக்கும் போல."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மதியத்துக்கு மேல் ஒரு காய் இரண்டாகத் தெரியும் என்றேன் அல்லவா. அந்தப் பத்து நாளாக அது கூடியிருந்தது. பச்சையும் வெளுப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். கை எந்தப் பக்கம் போட்டது என்று கண்ணுக்குத் தெரியாது. யாரும் எடுக்கவில்லை. என் கையால் நானே இரண்டாந்தரத்தில் கொட்டியிருக்கிறேன்.

களவு இல்லை என்று ஆகிவிட்டது. தப்பித்தோம் என்று நினைத்த முட்டாள் நான். காசிராஜன் என் முன்னால் வந்து நின்ற முகம் அன்றைக்கு அலுப்பாக இருந்த முகம் இல்லை.

"எடுக்கலையே நீ?"

"இல்லை மொதலாளி."

"எடுக்காதவ எதுக்குடி எழுதிக் குடுத்தே?"

நான் சல்லடையைப் பார்த்தேன்.

"எதுக்குன்னு நான் சொல்லட்டா? களவுன்னு சொன்னா நான் சாக்கைச் சலிக்க மாட்டேன். காய் அப்பிடியே ஏலத்துக்குப் போகும். முதல் தரத்தை ரெண்டாந்தர விலைக்கு எடுத்துக்கிடுவான் ஒருத்தன். யாரு அவன்? எந்தக் கடைக்காரன் உன்னைய அனுப்புனான்?"

"யாரும் அனுப்பலை."

"பொம்பளைப் போலீசு வரட்டும். எத்தனை வருசமாக் கலக்குறே, யாரு யாரு கூட்டுன்னு அங்க ஒத்துக்கிடுவே." ரஹ்மத்துன்னிசா பக்கம் திரும்பினார். "நீதானே அஞ்சு வருசமா இவளுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தே? உனக்குத் தெரியாம நடந்திருக்குமா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அல்லாமேல ஆணையா எனக்கு ஒண்ணும் தெரியாது மொதலாளி. எனக்கு ரெண்டு கொமருப் புள்ளைக இருக்கு, என்னைய இதுல இழுக்காதீக."

அப்போதுதான் வாயைத் திறந்தேன். பேசுவதற்கு இல்லை. இரண்டு கை விரலாலும் உதட்டை மேலும் கீழும் இழுத்துப் பிடித்து, பல்லும் ஈறுமாக அத்தனை பேருக்கும் காட்டினேன். வீரணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாத்துக்கங்க. காய் இல்லை. மாத்திரை வளத்த ஈறு. காக்கா வலிப்புக்கு அஞ்சு வருசமா மாத்திரை திங்கிறேன். நாலு மாத்திரை தின்னா ஒண்ணு ரெண்டாத் தெரியுது. தெரியாமப் போட்டேன். இதைச் சொன்னா வெளியில தள்ளிருவீகன்னு திருடின்னு எழுதிக் குடுத்தேன். போதுமா?"

வீரணன் கையில் சல்லடை சாய்ந்து காய் உருண்டு விழுந்தது. பிறகு கருத்தம்மாள் அலறினாள்.

"ஐயையோ! என்னையக் கடிச்சாளே! எச்சி உள்ள போயிருச்சே! எனக்கும் வருமா? ஏ வீரணா, எனக்கும் வந்துருமா?"

"வரும்," என்றேன். "வர்ற அமாவாசைக்கு வரும்."

சொன்னது பாவம்தான். அன்றைக்கு எனக்கு அது இனித்தது.

காசிராஜன் இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டார். ரஹ்மத்துன்னிசா தன் சொளகை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளையிலிருந்து வராதே," என்றார் காசிராஜன்.

"திருடின்னதும் வரச் சொன்னீகளே?"

"திருடிய நான் சமாளிச்சுக்கிருவேன். நீ சல்லடை மேல, சாக்கு மேல விழுந்து மண்டையை உடைச்சுக்கிட்டா நான்ல பதில் சொல்லணும்?"

மலையில் கங்காணி சொன்னதும் இதேதான். இவர்களுக்கெல்லாம் யாரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான் விழுந்தால் கேட்பதற்கு ஒருத்தரும் கிடையாது.

"நான் எழுதுன தாளைக் குடுங்க," என்றேன்.

"அது எதுக்கு?"

"பொய்ய எழுதுன தாளு உங்ககிட்ட எதுக்கு?"

கையில் கொடுக்கவில்லை. தரையில் போட்டார். எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அன்றைக்கு யாரும் என்னைத் துப்பச் சொல்லவில்லை. ஆனாலும் பேசினில் ஒரு தடவை துப்பிவிட்டு வந்தேன், நல்ல சிவப்பாக.

அடுத்த ஞாயிறு முகாம். அதற்குள் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதி முடித்திருந்தேன். இரண்டு சாயங்காலம் ஆனது. மை தீர்ந்து பாதியில் பென்சிலால் எழுதினேன்.

வரிசை பள்ளிக்கூட வாசலையும் தாண்டி நின்றது. எனக்குப் பின்னால் ராசிங்காபுரத்து ஆள் ஒருத்தன், ஐம்பது வயது இருக்கும், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டே நின்றான். பதினொரு மணி பஸ்சை விட்டால் அடுத்தது எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"வலி வந்துச்சா?" என்றான் ஜக்கையன்.

"இல்லை."

"மாத்திரை ஒத்துக்கிடுதா?" கேட்கும்போதே பேனா 'ஆம்' எழுதப் போனது.

"இல்லை."

பேனா நின்றது. ஐந்து வருசத்தில் முதல் தடவையாக ஜக்கையன் என் முகத்தைப் பார்த்தான். "என்னம்மா? வலிதான் வரலையே? அப்ப ஒத்துக்கிடுதுன்னுதானே அர்த்தம்?"

"வலிக்கு ஒத்துக்கிடுது. எனக்கு ஒத்துக்கிடலை."

"விளையாடுறியா? பின்னால எத்தனை பேரு நிக்கிறாங்க பாரு."

ராசிங்காபுரத்தான் முதுகில் இடித்தான். "ஏ பொம்பளை, வெரசா முடி. உன்னால எங்க பஸ்சு போகப் போகுது."

"மாத்திரைய நிறுத்துறதுன்னா நிறுத்துங்க," என்றேன் ஜக்கையனிடம். "ஆனா இல்லைன்னு எழுதுங்க."

"மாத்திரைய யாரு நிறுத்துறா? இல்லைன்னு எழுதுனா உள்ள டாக்டரம்மாவப் பாக்கணும். அவங்க ஒவ்வொருத்தருக்கும் அரை மணி நேரம் எடுத்துக்கிடுவாங்க. வரிசை எப்ப நகர்றது, நான் எப்ப வீட்டுக்குப் போறது? அதான்." எனக்கு எடுத்து வைத்திருந்த பொட்டலத்தைத் திரும்ப மேசையில் போட்டான். "ஓரமா நில்லு."

ஓரமாக நின்றேன். பத்தடியில் ஒரு கதவு. அந்தக் கிழவியும் இங்கேதான் நின்றிருக்கிறாள். ஐந்து வருசமாக அந்தக் கதவு அங்கேயே இருந்திருக்கிறது.

டாக்டரம்மா புதியவர். சின்ன வயது. தாளை நீட்டினேன். அவர் முன்பக்கத்தை முதலில் படித்துவிட்டு, "என்னம்மா இது? ஏலக்காய் எடுத்தியா?" என்றார்.

"அது மாத்திரை எழுத வச்சது. பின்பக்கம் படிங்க."

படித்தார். ஈறு. மயிர். நடை. கண். தலைக்குள் ஈரச் சாக்கு. வெற்றிலை போடாமலே வெற்றிலைக்காரி என்ற பேர். கடைசி வரி: கருத்தம்மாள் விரலைக் கடித்தது மட்டும் உண்மை.

"நான் விரலை விட்டுப் பாக்கலாமா? கடிச்சுர மாட்டியே?"

"நீங்க கேட்டுட்டுல்ல விடுறீக."

பார்த்தார். கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்த்தார். ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார், நான் கோட்டை விட்டு விலகிப் போனேன். பிறகு அட்டையை எடுத்து வைத்துக்கொண்டார். அவர் குரல் மாறிவிட்டது.

"நாலு மாத்திரை உனக்கு அதிகம். எப்பவோ குறைச்சிருக்கணும். அட்டையில அஞ்சு வருசமா 'ஆம்' 'ஆம்'னு இருக்கு. யாரு சொன்னது?"

"நான்தான்."

"நீயே சொல்லிட்டு, அப்புறம் யாரைத் திட்டி எழுதிக் கொண்டு வந்திருக்க?"

காசிராஜன் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

திடீரென்று நிறுத்தக் கூடாது என்றார். இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேறொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டணும். மூன்று மாதம் ஆகும். "மாத்துறப்ப வலிப்பு வரலாம். அடுப்பு, கிணறு, மலைச்சரிவு பக்கம் தனியாப் போகக் கூடாது."

"அப்ப எங்கதான் போறது? சோறு யாரு போடுவா?"

"அது எனக்குத் தெரியலைம்மா," என்றார். அந்த ஒரு பதிலுக்காக அவரை எனக்குப் பிடித்தது.

அந்த மூன்று மாதத்தில் இரண்டு தடவை விழுந்தேன். சிலமலையில் கடலைக் காட்டில் களை எடுக்கும்போது, எல்லார் கண் முன்னாலும். காட்டுக்காரன் ஏசினான். மறுநாளும் போனேன், மறுபடியும் ஏசினான், களைக்கு ஆள் இல்லாததால் துரத்தவில்லை. ஈறு வற்ற ஒரு வருசம் ஆனது. காய் பொறுக்கும் சோலிக்கு என்னை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டோடு ஜக்கையன் மேசைக்குத் திரும்பினேன். அவன் என் அட்டையில் 'இல்லை' என்று எழுதினான். நல்லா அழுத்தி எழுதுங்க என்றேன். முறைத்தான். இடையில் ஜக்கையன் டீ குடிக்கப் போயிருந்ததால் ராசிங்காபுரத்தான் அப்போதுதான் மேசைக்கு வந்திருந்தான்.

"வலி வந்துச்சா?"

"இல்லீங்க."

"மாத்திரை ஒத்துக்கிடுதா?"

துண்டை இறக்காமலே, "ஒத்துக்கிடுதுங்க" என்றான். துண்டுக்கு மேலே கதுப்பு இரண்டும் உப்பி நின்றன. எனக்குத் தெரியாத கதுப்பா அது.

"பொய் சொல்றாரு சார்," என்றேன். "வாயத் திறக்கச் சொல்லுங்க."

அவன் திரும்பினான். "உன் சோலியப் பாத்துக்கிட்டுப் போடி."

"ஏண்ணே, துண்டை எடு. திற வாயை. இவருகிட்டக் காட்டு. திறங்கிறேன்ல!"

வரிசை முழுக்க எங்களைப் பார்த்தது. அவன் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். கை ஓங்கினாலும் ஓங்கியிருப்பான். என் வாயிலிருந்து வந்தது கருத்தம்மாள் குரல்தான் என்று எனக்கு அப்போதுதான் கேட்டது.

அவன் வாயைத் திறக்கவில்லை. ஜக்கையன் 'ஆம்' எழுதிப் பொட்டலத்தை நீட்டினான். அவன் அதை மடியில் சொருகிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, பதினொரு மணி பஸ்சுக்கு ஓடினான்.